ஊசி அங்கே, பிளேட்டு இங்கே

மவுண்ட் ராஸ்கில், ஆக்லாந்து
28 ஜூன் 1987

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்ரீநாத்தின் நமஸ்காரம். குளிரைத் தவிர இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? ராணுவம் ஆட்சியைப் பிடித்த கலவரத்தைச் சாக்காக வைத்து மாத்திரையை நிறுத்திவிடாதே.

பால் பவுடர் ஆலையில் வேலை கிடைத்துவிட்டது. லவுத்தோக்கா சர்க்கரை ஆலையில் பதினேழு வருஷம் கட்டி மேய்த்த அதே மாதிரி பாய்லர்தான், இங்கே கொஞ்சம் சுத்தமாக இருக்கிறது. ஒரு அறை எடுத்துக்கொண்டு இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் டாக்டர் ஜெயச்சந்திரன் வீட்டில் மதராஸ்காரர்கள் ஏழெட்டுக் குடும்பம் கூடுகிறது. எல்லோரும் சங்கீதப் பைத்தியம், ஆனால் எல்லோரிடமும் வெறும் கேஸட்தான். என்னிடம் முந்நூறுக்கு மேல் இசைத்தட்டு இருக்கிறது, அதில் அறுபது பழைய அரக்குத் தட்டு என்றேன். எப்போது வரும், எப்போது வரும் என்று எல்லோரும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

நேற்று வீட்டுக்கு டெலிபோன் போட்டேன். லைனில் ஒரே இரைச்சல். "பிளேட்டெல்லாம் கட்டிக் கப்பலில் அனுப்பு" என்று ப்ரேமிலாவிடம் சொன்னேன். "அச்சா" என்றாள். எவ்வளவு புரிந்ததோ தெரியாது. அவளுக்குத் தமிழில் எழுதிப் பயனில்லை. இந்த விவரத்தையெல்லாம் நீ ஆங்கிலத்தில் எழுதி அவளுக்கு அனுப்பு: ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்க வைக்கக் கூடாது, நேராக நிறுத்த வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் மெத்தென்ற துணி. விளிம்பைத்தான் பிடிக்க வேண்டும், நடுவில் விரல் படக் கூடாது. மேலே பாரம் ஏற்றக் கூடாது. பெட்டியை வெயிலில் விடக் கூடாது.

பிளேயரின் ஊசியைக் கழற்றி என்னோடு கொண்டுவந்துவிட்டேன். நான் இல்லாதபோது யாராவது போட்டுப் பார்த்துக் கீறிவைத்தால் அப்புறம் வருத்தப்பட்டு என்ன பயன்? யாராவது என்று பொதுவாகத்தான் சொல்கிறேன்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

உன் தம்பி
ஸ்ரீநாத்

*

லாமி
11 ஜூலை 1987

அன்புள்ள ஸ்ரீநாத்துக்கு,

ஆசிகள். நான் நலம், மாத்திரையும் நலம். நீ நலமாக இருப்பதாக எழுதியிருக்கிறாய், நம்புகிறேன்.

உன் கடிதத்தை யாரோ பிரித்து மறுபடி ஒட்டியிருந்தார்கள். தமிழ் படிக்கிற சிப்பாய் ஒருவன் அகப்பட்டிருந்தால் அவனைப் பார்க்க எனக்கே ஆசை. பல்கலைக்கழகத்தில் என் மாணவர்களுக்கே தமிழ் எழுத்து பூச்சி ஊர்ந்த மாதிரி தெரிகிறது.

எங்கள் துறையில் நான்கு பேர் இந்தத் தீவை விட்டே போய்விட்டார்கள். இரண்டு பேர் போவதாக எங்களிடம் சொன்னார்கள், மற்ற இருவர் சொல்லவில்லை. நான் இருக்கிறேன். பாடம் நடத்த யாராவது வேண்டுமே.

நீ சொன்னபடி எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதி ப்ரேமிலாவுக்கு அனுப்பிவிட்டேன். உனக்கும் ஆங்கிலம் தெரியும் என்பது எழுதி முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. என் பங்குக்கு ஒரு வரி சேர்த்தேன்: லாங்பிளே தட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் பரவாயில்லை, அரக்குத் தட்டில் மட்டும் படவே கூடாது, அரக்கு கரைந்துவிடும். இவ்வளவு ரசாயனம் படித்ததற்கு இதுவாவது உதவட்டும்.

உன் மனைவி ப்ரேமிலா எப்போது அங்கே புறப்படுவது என்று உன் கடிதத்தில் தேடினேன். இரண்டு தாள், முன்னும் பின்னும் பார்த்துவிட்டேன். அடுத்த கடிதத்தில் எழுது.

பாமா

*

ஆக்லாந்து
19 ஆகஸ்ட் 1987

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். சுகம் விசாரிக்கிற நிலைமையில் நான் இல்லை. நீயாவது சுகமாக இரு.

நேற்று பெட்டி வந்தது. நல்ல மரப்பெட்டி. டாக்டர் ஜெயச்சந்திரனும் அவர் மனைவியும் இன்னும் இரண்டு பேரும் பார்க்க வந்திருந்தார்கள். டாக்டரே சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஆணியைப் பிடுங்கினார். உள்ளே முப்பத்தாறு சாப்பாட்டுத் தட்டு.

சாப்பாட்டுத் தட்டு அக்கா! கல்யாணத்துக்கு வீரசாமி மாமா கொடுத்த, நீலக்கரை போட்ட பீங்கான் தட்டு. ஒன்றுகூடப் படுக்க வைக்கவில்லை. எல்லாம் நேராக நிற்கிறது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் மெத்தென்ற துணி. மேலே பாரம் இல்லை. விளிம்பை மட்டுமே பிடித்து வைத்திருக்கிறாள், நடுவில் ஒரு விரல் ரேகை கிடையாது. பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் "வெயிலில் வைக்காதே" என்று வேறு.

டாக்டர் முதலில் இருமினார். அப்புறம் எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். அவர் மனைவி ஒரு தட்டை எடுத்துப் பார்த்து, "அழகா இருக்கே, உங்கம்மாவோடதா?" என்று கேட்டாள். ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

இங்கே நான் ஒரு தட்டில்தான் சாப்பிடுகிறேன். மீதி முப்பத்தைந்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பிளேட்டு என்றால் இசைத்தட்டு என்று பதினைந்து வருஷத்தில் ஒருவருக்குப் புரியாதா?

ஸ்ரீநாத்

*

லாமி
6 செப்டம்பர் 1987

அன்புள்ள ஸ்ரீநாத்துக்கு,

ஆசிகள். இங்கே எனக்கு உடம்பு சௌக்கியம். மே மாத ராணுவக் கலவரத்துக்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது உன் கடிதத்தைப் படித்துத்தான். கோபித்துக்கொள்ளாதே.

தப்பில் எனக்கும் பங்கு உண்டு. உன் வாயில் வருவது போலவே என் கையிலும் வந்து, ஆங்கிலத்திலும் "பிளேட்ஸ்" என்றே எழுதிவைத்திருக்கிறேன். அவளோடு ஆங்கிலத்திலோ இந்தியிலோ பேசும்போது நாம் "ரெக்கார்ட்" என்கிறோம். நமக்குள் தமிழில் பேசினால் மட்டும் அது பிளேட்டு ஆகிவிடுகிறது.

சனிக்கிழமை பஸ் பிடித்து லவுத்தோக்கா போனேன். உன் மாமனார் வீரசாமி டாக்ஸியோடு பஸ் ஸ்டாண்டிலேயே நின்றுகொண்டிருந்தார். முன்கதவைத் திறந்து, "குந்துங்கம்மா, குந்துங்க" என்றார். ஆலை ஓடுகிறது, எரித்த கரும்பின் கரி வீதியெல்லாம் பறக்கிறது. உன் ஜன்னலில் ப்ரேமிலா ஈரத்துணி கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள், கரி உள்ளே வராமல். அலமாரியில் உன் இசைத்தட்டுகள் நீ விட்டுப்போன வரிசையிலேயே நிற்கின்றன. ஒன்றை உருவி வெளிச்சத்தில் பார்த்தேன். தூசி இல்லை.

தட்டைப் பற்றிக் கேட்டேன். அடுப்பைப் பார்த்தபடி, "தாலி மாங்கிஸ், தாலி பேஜா" என்றாள். தட்டுக் கேட்டார், தட்டு அனுப்பினேன். இந்தியில் தட்டுக்குத் தாலி என்று பேர், உனக்குத் தெரியும். அதற்குமேல் நானும் கேட்கவில்லை.

முப்பத்தாறும் உடையாமல் வந்து சேர்ந்ததற்கு நீ அவளுக்கு இரண்டு வரி எழுதலாம். முகவரி தெரியாமல் இருக்காது. அது உன் வீடு.

பாமா

*

ஆக்லாந்து
17 செப்டம்பர் 1987

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். நான் சுகம். உன் முழங்கால் வலி பஸ் பயணத்தால் அதிகமாகியிருக்குமே?

இருந்தாலும் உன்னைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. இன்னொரு தடவை லவுத்தோக்கா போய் நீயே உன் கையால் கட்டி அனுப்ப முடியுமா? தீபாவளிக்கு ஒரு பெரிய ஹால் எடுத்திருக்கிறார்கள். ராத்திரி முழுக்க என் பிளேட்டுகள்தான் நிகழ்ச்சி என்று ஊர் பூராவும் சொல்லிவிட்டார்கள். "தட்டு ஸ்ரீநாத்" என்று எனக்குப் பேரும் வைத்துவிட்டார்கள். அந்தப் பேரை மாற்றியாக வேண்டும்.

ப்ரேமிலாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். இங்கே ஒரே அறை. முதலில் பிளேட்டு வரட்டும், அப்புறம் வீடு பார்க்கிறேன், அதற்கப்புறம் அவள் வரலாம். அவசரப்பட்டு வந்தால் அவளுக்கு இங்கே பேச்சுத்துணை ஏது? எல்லோரும் தமிழ். அவள் அப்பா பக்கத்தில் இருக்கிறார், குழந்தை குட்டி என்று கவலையும் இல்லை. நிதானமாகச் செய்யலாம்.

ஸ்ரீநாத்

*

லாமி
12 அக்டோபர் 1987

அன்புள்ள ஸ்ரீநாத்துக்கு,

ஆசிகள். நான் உயிரோடு நலமாக இருக்கிறேன். இந்த முறை இதைச் சம்பிரதாயத்துக்கு எழுதவில்லை.

செப்டம்பர் கடைசியில் ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்தது. நீ அங்கே செய்தியில் பார்த்திருப்பாய், எங்களைவிட அதிகமாகவே பார்த்திருப்பாய். இங்கே பத்திரிகை இல்லை, டெலிபோன் செத்துக் கிடந்தது. பஸ் ஓட ஆரம்பித்ததும் லவுத்தோக்கா போனேன்.

உன் வீட்டுக்குச் சிப்பாய்கள் வந்தார்களாம். தெருவில் எல்லா வீட்டையும் பார்த்தார்கள், உன் வீட்டை மட்டும் அல்ல. அலமாரியைப் பார்த்த ஒருவன் இதெல்லாம் என்ன என்று கேட்டிருக்கிறான். பாட்டு என்றிருக்கிறாள் ப்ரேமிலா. "போட்டுக் காட்டு." "ஊசி இல்லை." முந்நூறு தட்டு வைத்திருக்கிறவள் வீட்டில் ஊசி இல்லை என்றால் எந்தச் சிப்பாய் நம்புவான்? "ஊசி எங்கே?" "நியூசிலாந்தில்." "அங்கே என்ன செய்கிறது?" "என் புருஷன் சட்டைப்பையில் இருக்கிறது." அவன் மற்றவர்களைக் கூப்பிட்டு இதைத் திரும்பச் சொல்லச் சொன்னானாம். எல்லோரும் சிரித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்களாம். அவள் இதை ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு வாசல் தாழ்ப்பாளை இன்னொரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

தட்டுகளை எடுத்துக்கொண்டு என்னோடு லாமிக்கு வந்துவிடச் சொன்னேன். என்னை இந்தியில் அக்கா என்று கூப்பிட்டே, "நஹி திதி" என்றாள். போன வருஷம் என் வீட்டில் ஒரு வாரம் தங்கியதில் அவளுடைய தோல்செருப்பில் பூஞ்சை பூத்ததை நினைவுபடுத்தினாள். செருப்புக்கே அப்படி என்றால் இசைத்தட்டுக்கு என்ன ஆகும் என்று கேட்டாள். இங்கே மழை அப்படி. இப்போது வீரசாமி இரவில் உன் வீட்டு முன்னறையில் படுத்துக்கொள்கிறார்.

நான் எதையும் கட்டவில்லை. கட்டினாலும் ஏற்றக் கப்பல் இல்லை.

அவளுக்கு எழுது.

பாமா

*

ஆக்லாந்து
1 நவம்பர் 1987

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். உன் கடிதம் தீபாவளி கழிந்த பிறகு வந்தது. நீங்கள் பத்திரமாக இருப்பதில் நிம்மதி. பிளேட்டுகளுக்கும் சேதம் இல்லை என்பதில் இன்னும் கொஞ்சம் நிம்மதி.

ஹாலில் கேஸட்டைப் போட்டுச் சமாளித்தோம்.

டாக்டர் ஜெயச்சந்திரனின் மனைவி இந்த மாத நடுவில் அவளுடைய ஒன்றுவிட்ட அக்காவைப் பார்க்க உன் ஊருக்குப் பக்கத்தில் சூவா வருகிறாள். நான்கைந்து தட்டு கையில் கொண்டுவர ஒப்புக்கொண்டிருக்கிறாள். அந்தப் பழைய தோடி, காம்போதி இரண்டையும் வீணையில் சஹானா வாசித்த லாங்பிளேயையும் லவுத்தோக்காவிலிருந்து எடுத்துவந்து கட்டாயம் கொடுத்து அனுப்பு. உன் வீட்டுக்கு வருவாள், உபசரித்து அனுப்பு. குடும்ப விஷயமெல்லாம் அதிகம் பேச வேண்டாம். அவர்கள் பெரிய மனிதர்கள், நம் கதையைக் கேட்க அவர்களுக்கு நேரம் இருக்காது.

ஸ்ரீநாத்

*

லாமி
24 நவம்பர் 1987

ஸ்ரீநாத்துக்கு,

இரண்டு பேரும் நலமாக இருப்பதாக வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

டாக்டரின் மனைவி வந்தாள். நல்ல பெண், எதையும் உள்ளே வைத்துக்கொள்ளத் தெரியாது. காபியைப் பாதி குடித்ததுமே, "உங்க தம்பி இப்படித் தனிக்கட்டையா இருக்கறதைப் பார்க்க எங்களுக்கெல்லாம் மனசு கேட்கலை, மாமி. நாப்பத்திநாலு ஒரு வயசா? வெலிங்டன்ல ஒரு டீச்சர் இருக்கா, நன்னாப் பாடுவா. நீங்க சரின்னா ஜாதகம் கேட்கட்டுமா?" என்றாள்.

நீ கேட்டுக்கொண்டபடி நான் குடும்ப விஷயம் அதிகம் பேசவில்லை. "அவன் மனைவியைக் கேட்டுச் சொல்கிறேன்" என்றேன். அவ்வளவுதான் பேசினேன். நான் தட்டு எடுத்துவந்திருக்கவில்லை, அவளும் கேட்காமலே போனாள்.

இதை ப்ரேமிலாவிடம் சொல்வதா வேண்டாமா என்று பஸ் முழுக்க யோசித்துக்கொண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமை இப்போது பஸ் ஓடக் கூடாது, கடை திறக்கக் கூடாது என்று உத்தரவு. அதனால் சனி இரவே போய்ச் சேர்ந்தேன். காலையில் அவள் கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தட்டாக எடுத்து, ஈரம் பட்டும் படாமலும் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து, வழக்கம் போல எனக்குள் தமிழில் முணுமுணுத்தேன். "இதை இவளிடம் எப்படிச் சொல்வது?"

அவள் தலையைத் தூக்காமல், "நேராச் சொல்லுங்க திதி" என்றாள். தமிழில்.

சொன்னேன். வேறு என்ன செய்ய முடியும்? கேட்டுவிட்டு, "அந்த டீச்சரு நல்லாப் பாடுவாளாமா?" என்றாள். அப்புறம் கையிலிருந்த தட்டை உறையில் போட்டு அலமாரியில் நிறுத்தினாள்.

இத்தனை வருஷம் ஏன் தமிழ் தெரியாத மாதிரி இருந்தாய் என்று கேட்டேன்.

"தெரியாதுன்னு நானு எப்ப சொன்னேன்? கல்யாணமான வாரம் நீங்க இங்க வந்தீங்க. வாங்க, குந்துங்கன்னேன். அக்காவும் தம்பியும் விழுந்து விழுந்து சிரிச்சீங்க. அவரு, 'உட்காருங்கன்னு சொல்லு, இது என்ன கூலி லைன் தமிழ்'னாரு. அப்பால எனக்கு எதுக்குத் தமிழு? இந்திலயே எல்லாரையும் குந்த வெச்சிக்கலாம்னு விட்டுட்டேன்."

அவள் எதிரில் பதினைந்து வருஷம் நாம் பேசியதையெல்லாம் ஒருமுறை யோசித்துப் பார், ஸ்ரீநாத். அவள் சமையலைப் பற்றி, அவள் அப்பாவைப் பற்றி, குழந்தை இல்லாததைப் பற்றி. நான் திரும்பி வரும் பஸ்ஸில் யோசித்து முடித்துவிட்டேன்.

பிளேட்டைப் பற்றியும் கேட்டேன்.

"பிளேட்டுன்னா என்னான்னு எனக்கா தெரியாது? மாசாமாசம் தொடைக்கிறவ நானு. அவரு போய் ஒரு மாசம் கழிச்சி மொத மொத போன் போடறாரு. எப்படி இருக்கேன்னு கேக்கல, எப்ப வரேன்னு கேக்கல. பிளேட்ட அனுப்புங்கறாரு. சரின்னு சாப்பிடற பிளேட்ட அனுப்பினேன். இந்தில அதுக்குத் தாலின்னு பேரு. தமிழ்ல தாலி இன்னான்னு அவருக்குத் தெரியுமில்ல? பெட்டியத் தொறந்ததும் புரியும்னு நெனச்சேன்."

உனக்குப் புரிந்ததா?

பாமா

*

லவுத்தோக்கா
29 நவம்பர் 1987

உங்களுக்கு ப்ரேமிலா எழுதறது.

நானும் அப்பாவும் சொகம். உங்க சொகத்துக்கு எழுதுங்க.

சங்கத்துப் பள்ளிக்கூடத்துல மூணாங் கிளாஸ் வரைக்கும் தமிழ் எழுதப் படிச்சேன். அப்பால எழுதல. தப்பு இருந்தா திருத்தாதீங்க, அப்படியே படிங்க.

திதி எல்லாம் சொன்னாங்க. நான் அழுவல. உங்க கூட்டாளிங்களுக்கு நான் இருக்கறது தெரியாது. அது என் தப்பு இல்ல.

பிளேட்டு எல்லாம் இங்க சொகமா இருக்குது. கரி படல, கீறல் இல்ல. அரக்குத் தட்ட வெறுந் தண்ணியில நனைச்ச துணியாலதான் தொடைக்கிறேன். இப்படியே இன்னும் எத்தினி வருசமும் பாத்துக்குவேன். அதுங்க மேல எனக்குக் கோவம் கெடையாது.

ஆனா அனுப்ப மாட்டேன். நீங்க எழுதினாலும், திதி வந்து கட்டினாலும், கப்பல் வந்து வாசல்ல நின்னாலும் அனுப்ப மாட்டேன். முதல்ல பிளேட்டு, அப்பால வீடு, அப்பால நானுன்னு திதிக்கு எழுதியிருக்கீங்க. நான் படிச்சேன். அந்த வரிசை எனக்குச் சரிப்படாது. முதல்ல நானு. அது வேணான்னா அதையும் தமிழ்லயே எழுதிடுங்க, எனக்குப் படிக்க வரும்.

ப்ரேமிலா

*

லாமி
2 ஜனவரி 1988

அன்புள்ள ஸ்ரீநாத்துக்கு,

புத்தாண்டு ஆசிகள். நான் நலம். ஆக்லாந்திலிருந்து எனக்கு வேறு இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள், இரண்டும் பத்து நாளில் வந்துவிட்டன. தபாலில் ஒரு கோளாறும் இல்லை.

பாமா

*

ஆக்லாந்து
20 ஜனவரி 1988

அன்புள்ள ப்ரேமிலாவுக்கு,

நான் சுகம். நீயும் மாமாவும் சுகமாக இருக்க வேண்டும்.

இதை எட்டுத் தடவை ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். உனக்குத் தமிழில் எழுதுவது இதுதான் முதல் தடவை என்பதால் எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

டிசம்பரில் வீடு மாற்றினேன். சின்ன வீடு, இரண்டு அறை. பொங்கலன்று எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டேன். டாக்டரின் மனைவி திரும்பி வந்ததிலிருந்து என்னோடு சரியாகப் பேசவில்லை, ஆனாலும் வந்தாள். பெட்டியைத் திறந்து உன் தட்டுகளை எடுத்துக் கழுவினேன். என்னையும் அறியாமல் விளிம்பை மட்டும் பிடித்துக் கழுவிக்கொண்டிருந்தேன். எல்லோரும் உட்கார்ந்த பிறகு, "இந்தத் தட்டு என் மாமனார் என் கல்யாணத்துக்குக் கொடுத்தது. அவர் லவுத்தோக்காவில் டாக்ஸி ஓட்டுகிறார். இதை அனுப்பியது என் மனைவி ப்ரேமிலா. போன தடவை நீங்கள் கேட்டபோது நான் சரியாகப் பதில் சொல்லவில்லை" என்றேன்.

ஒருத்தரும் சாப்பிடவில்லை. டாக்டரின் மனைவி கையிலிருந்த தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தட்டை நீட்டி, "ரசம் இன்னும் கொஞ்சம் விடுங்கோ" என்றாள். அதற்குப் பிறகு மற்றவர்களும் சாப்பிட்டார்கள்.

இதற்குமேல் எனக்கு எழுதத் தெரியவில்லை. தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து ஊசியை அனுப்புகிறேன். அது இங்கே ஏழு மாதமாக என் சட்டைப்பையில் சும்மா இருந்தது. எதை வேண்டுமானாலும் போட்டுக் கேள். கீறல் விழுந்தால் விழட்டும்.

மார்ச் மாதத்துக்கு விமான டிக்கெட் தனித் தபாலில் வருகிறது. உன் பெயரில் ஒன்றுதான். பிளேட்டுக்கு எதுவும் ஏற்பாடு செய்யவில்லை.

ஸ்ரீநாத்

*

லவுத்தோக்கா
9 பிப்ரவரி 1988

உங்களுக்கு ப்ரேமிலா எழுதறது.

இங்க எல்லாரும் சொகம். அப்பாவுக்குக் கொஞ்சம் இருமல், கஞ்சி குடிக்கிறாரு.

தீப்பெட்டி வந்துச்சு. டிக்கெட்டும் வந்துச்சு. தீப்பெட்டியத்தான் முதல்ல தொறந்தேன்.

ஞாயித்துக்கெழம பஸ்ஸு கெடையாது, டாக்ஸி கெடையாது, அப்பாவும் வீட்டுல இருந்தாரு. சன்னல மூடிட்டு ஊசிய மாட்டினேன். நீங்க மாட்டறத எத்தினி வாட்டி பாத்திருக்கேன், வந்துருச்சு. முதல்ல தோடி போட்டேன். அப்பா பாதியில தூங்கிட்டாரு. அப்பால அந்த வீணை போட்டேன், சஹானான்னு அட்டையில இருக்குதே அது. நீங்க எப்பவும் கண்ணை மூடிக்கிட்டு, யாரும் பேசக் கூடாதுன்னு கை காட்டிக்கிட்டே கேப்பீங்க. நான் கண்ணைத் தொறந்துக்கிட்டு, கூடத்துல நடந்துக்கிட்டே கேட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டாவது பக்கம் ரெண்டு தரம் போட்டேன். கீறல் விழல.

நான் வரேன். எப்படி வரேன்னு சொல்லிடறேன், அப்பால பேச்சு மாறக் கூடாது.

அந்த வீணைப் பிளேட்டு ஒண்ணை மட்டும் மடியில வெச்சிக்கிட்டு பிளேன்ல வருவேன். ஊசியும் என்கிட்ட இருக்கும். பாக்கி எல்லாம் இந்த அலமாரியிலயே நேரா நிக்கும், அப்பா ஈரத்துணி கட்டறேன்னு சொல்லியிருக்காரு. அங்க வந்து வீட்டப் பாத்து, ஜனங்களப் பாத்து, உங்களையும் பாத்துட்டு திதிக்கு எழுதுவேன். நான் எழுதினாத்தான் திதி அதுங்களக் கட்டி அனுப்புவாங்க. திதி சரின்னுட்டாங்க. நீங்க அவங்களுக்கு எழுதிப் பிரயோசனம் இல்ல.

டாக்டரு வீட்டம்மாவ நான் வந்த முதல் ஞாயித்துக்கெழமயே சாப்பிடக் கூப்பிடுங்க. மத்தவங்களையும் கூப்பிடுங்க. முப்பத்தாறு தட்டு இருக்குது, பத்தும். நானே வாசல்ல நின்னு எல்லாரையும் குந்துங்கன்னுதான் சொல்வேன். இப்பவே அவங்க கிட்ட சொல்லி வெச்சிடுங்க.

ப்ரேமிலா